வீட்டுக்கு எந்த நெட் இணைப்பு எடுக்கலாம்? என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரம் பக்கம் 64 வீடுகள் உள்ள குடியிருப்பில் இருக்கிறேன். சங்கத்தில் லிஃப்ட், தண்ணீர் லாரி கணக்கோடு இணைய நிறுவனங்களிடம் பேசும் வேலையும் சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. இதுவரை நான்கு நிறுவனங்கள் எங்கள் மாடிக்கு ஃபைபர் இழுத்திருக்கின்றன. மாடிப்படியிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை வைத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

"100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கேன். டவுன்லோட் பண்ணா 12-தான் காட்டுது. ஏமாத்துறாங்களா?"

இல்லை. பிளானில் எழுதியிருப்பது மெகாபிட் கணக்கு. டவுன்லோடு ஆகும்போது கணினி பெரும்பாலும் மெகாபைட் கணக்கில் காட்டும். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. உங்களுக்குச் சொன்ன வேகம் முழுசாகவே வருகிறது.

"அந்த 100 எனக்கு மட்டும்தானே?"

எல்லாக் குழப்பமும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. உங்களுக்கு மட்டும் என்று வேகத்தை ஒதுக்கித் தரும் இணைப்புக்கு லீஸ்டு லைன் என்று பெயர். அலுவலகங்கள் வாங்குவது அது. விலையும் பல மடங்கு. வீட்டுக்கு விற்பது பங்கு இணைப்பு. 100 என்பது உங்களுக்குக் கிடைக்கக்கூடிய உச்சம். எப்போதும் அது கிடைக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. விளம்பரத்தில் "வரை" என்று ஒரு சின்னச் சொல் இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

இதைக் கல்யாணப் பந்தியோடு ஒப்பிட்டுச் சொல்வேன். 600 பேரை அழைத்துவிட்டு 200 இலைக்குத்தான் இடம் வைத்திருப்பார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார மாட்டார்கள் என்ற கணக்கு அது, அதில் தப்பில்லை. அதே 200 இலைக்கு 3000 பேரை அழைத்தால்தான் சிக்கல். எனவே பங்கு போடாத நிறுவனத்தைத் தேடாதீர்கள். வீட்டு விலையில் அப்படி ஒன்று இல்லை. எத்தனை இலைக்கு எத்தனை பேரை அழைத்திருக்கிறார்கள் என்றுதான் விசாரிக்க வேண்டும்.

"எத்தனை பேர் பங்கு போடுறோம்னு எப்படிங்க தெரிஞ்சுக்கிறது?"

பங்கு இரண்டு இடத்தில் நடக்கிறது. முதலாவது உங்கள் தெருவில். நிறுவனத்தின் ஓஎல்டி என்ற பெட்டியிலிருந்து வரும் ஒரே ஃபைபரை, ஸ்ப்ளிட்டர் என்ற சின்னக் கண்ணாடிக் கருவி 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறது. ஜிபான் என்ற தொழில்நுட்பமாக இருந்தால் அந்த ஒரு இழைக்குக் கீழிறங்கும் (டவுன்லோடு) வேகம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், மேலேறும் (அப்லோடு) வேகம் சுமார் 1.25. ஒரு ஜிபிபிஎஸ் என்பது 1,000 எம்பிபிஎஸ். 64 வீடும் ஒரே நொடியில் முழுசாக இழுத்தால்கூட வீட்டுக்கு 39 எம்பிபிஎஸ் வரும். பல உள்ளூர் கேபிள்காரர்கள் வைத்திருக்கும் ஈபான் 1 ஜிபிபிஎஸ். அதே 64 வீட்டுக்குப் பிரித்தால் 15-தான். ஆனால் எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பது அபூர்வம். அதனால் தெருவில் நெரிசல் வருவது குறைவு.

இரண்டாவது இடம் ஓஎல்டிக்கு மேலே. அந்தப் பெட்டியிலிருந்து வெளியுலகுக்குப் போக நிறுவனம் எவ்வளவு கொள்ளளவு வாங்கி வைத்திருக்கிறது என்பதுதான் உண்மையான பந்தி இடம். 500 வாடிக்கையாளர், ஆளுக்கு 100 எம்பிபிஎஸ் பிளான், மேலே 1 ஜிபிபிஎஸ் லைன் என்று வையுங்கள். விற்றது 50,000, கையில் இருப்பது 1,000. ஒன்றுக்கு ஐம்பது. 2009-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வீட்டு இணைப்புக்குச் சொன்ன விகிதமும் இந்த 1:50-தான். வணிக இணைப்புக்கு 1:30. அன்றைக்கு வீட்டில் மின்னஞ்சல் பார்த்தோம், செய்தி படித்தோம். இன்று ராத்திரி அந்த 500-இல் 200 வீடு படம் பார்த்தால் வீட்டுக்கு 5 எம்பிபிஎஸ். ஒரு டிவியில் ஒரு எச்டி படத்துக்கு அது சரியாகப் போகும். அடுத்த அறையில் இன்னொருவர் படம் போட்டால் போதாது.

விற்க வருகிறவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: "இந்த ஏரியா ஓஎல்டியில் எத்தனை கனெக்‌ஷன் ஓடுது? மேலே எத்தனை ஜிபி லைன்?" விற்பனைப் பையனுக்குத் தெரிந்திருக்காது, அது அவர் தப்பில்லை. லைன்மேனுக்குத் தெரியும். டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் பெரும்பாலும் உள்ளதைச் சொல்லிவிடுவார்.

"பகல்ல சூப்பரா போகுது. ராத்திரி எட்டு மணிக்கு மேல சுத்திக்கிட்டே இருக்கு. ரவுட்டரை மாத்தணுமா?"

ரவுட்டருக்குக் காசு செலவழிக்கும் முன் ஒரு வாரம் பொறுங்கள். நெரிசல் வீட்டுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மடிக்கணினியை லேன் கேபிளால் ரவுட்டரில் நேராகச் செருகுங்கள். காலை 7, மதியம் 3, இரவு 9.30 என்று மூன்று வேளை வேகத்தைப் பார்த்து, தேதியோடு எழுதி வையுங்கள். ஐபிஎல் நாள், ஞாயிறு இரண்டும் அந்த வாரத்தில் வந்தால் இன்னும் நல்லது.

கேபிளில் மூன்று வேளையும் ஒரே மாதிரி வந்து, வைஃபையில் மட்டும் இரவில் இழுத்தால் பக்கத்து வீடுகளின் வைஃபைதான் காரணம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. 64 வீட்டு ரவுட்டர்களும் அந்த மூன்றில்தான் இடிபடுகின்றன. டிவியையும் மொபைலையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினாலே பாதித் தொல்லை போய்விடும். கேபிளிலும் இரவில் விழுந்தால் அது நிறுவனத்தின் நெரிசல், எத்தனை ரவுட்டர் மாற்றினாலும் தீராது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முன்பு இருந்த நிறுவனத்தில் காலையில் 96, இரவு 9.30-க்கு 11. மூன்று முறை ஆள் வந்தார், மூன்று முறையும் பகலில் வந்தார், "நல்லாத்தானே வருது" என்று சொல்லிவிட்டுப் போனார். மகளுக்கு இரவில்தான் ஆன்லைன் வகுப்பு. பத்து நாள் எழுதி வைத்த தாளைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் எங்கள் பிளாக்கை ஓஎல்டியில் வேறு போர்ட்டுக்கு (ஃபைபர் செருகும் வேறு முனைக்கு) மாற்றினார்கள். இரவு வேகம் 60-க்கு ஏறியது. எழுதி வைத்தது மட்டும் இல்லையென்றால் இன்றும் நான் பொய் சொல்கிறேன் என்றே நினைத்திருப்பார்கள். அதனால்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் எழுதி வையுங்கள் என்று கெஞ்சுகிறேன்.

"ஸ்பீட் டெஸ்ட்ல 95 காட்டுது, ஆனா ஆபீஸ் விபிஎன் நகரவே மாட்டேங்குது. இது எப்படி?"

விபிஎன் என்பது வீட்டிலிருந்து ஆபீஸ் சர்வரோடு இணையும் தனிப்பாதை. ஸ்பீட் டெஸ்ட் செயலி தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வரோ பல நேரம் உங்கள் இணைய நிறுவனத்தின் வளாகத்திலேயே இருக்கும். அந்தச் சோதனை வீட்டிலிருந்து நிறுவனம் வரை உள்ள பாதையை மட்டும்தான் அளக்கும். நெரிசல் அதற்கு மேலே இருந்தால் (மேலே சொன்ன இரண்டாவது இடம்) அது கண்ணுக்கே தெரியாது. செயலியில் சர்வரை நீங்களே மாற்றி மும்பை, சிங்கப்பூர் என்று வைத்துப் பாருங்கள். 95-லிருந்து 8-க்கு விழுந்தால் விஷயம் புரிந்துவிடும்.

யூடியூப் ஓடுவதை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம். கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் அதிகம் பார்க்கப்படும் காட்சிகளின் பிரதியைத் தாங்கிய சர்வர்களை நிறுவனங்களின் கூடத்திலேயே வைக்கின்றன. அந்தக் காட்சிகள் வெளிப்பாதையைத் தொடாமலே உங்களுக்கு வந்துவிடுகின்றன. ஃபாஸ்ட் டாட் காம் என்ற வேகச் சோதனைத் தளம் நெட்ஃபிளிக்ஸின் சர்வர்களைத்தான் அளக்கிறது, அதையும் நினைவில் வையுங்கள். யூடியூப் ஓடி, விபிஎன் மட்டும் இழுத்தால் வெளிப்பாதையைச் சந்தேகிக்கலாம். இரண்டுமே இழுத்தால் தெருவில், அதாவது ஸ்ப்ளிட்டர், போர்ட் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

"200 பிளானுக்கு மாறினேன். 94-க்கு மேல ஏறவே மாட்டேங்குதே?"

94, 95-இல் ஆணி அடித்த மாதிரி நின்றால் எங்கோ 100 எம்பிபிஎஸ் போர்ட் இருக்கிறது என்று அர்த்தம். மலிவான ஓஎன்டி (ஃபைபர் வந்து சேரும் வீட்டுப் பெட்டி), பழைய ரவுட்டர், அல்லது எட்டுக் கம்பியில் நான்கு மட்டும் இணைத்த லேன் கேபிள். கிகாபிட் போர்ட் உள்ள பெட்டி கேளுங்கள். தர மறுத்தால் 100 பிளானுக்கே திரும்பிவிடுங்கள்.

"எங்க வீட்டுக்கு உண்மையிலேயே எவ்வளவு போதும்?"

நெட்ஃபிளிக்ஸ் தன் பக்கத்தில் சொல்வது: முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே-வுக்கு 15. ஜூம் கூட்டத்துக்கு 3 அல்லது 4 இருந்தால் போதும். அப்பா சீரியல், மகன் கேம், நீங்கள் ஆபீஸ் மீட்டிங், அம்மா வீடியோ கால் என்று நான்கும் ஒரே நேரத்தில் ஓடினாலும் 40-ஐத் தாண்டாது.

எனவே ராத்திரி 9.30-க்கும் 40 தருகிற 50 பிளான், பகலில் 280-ம் ராத்திரி 15-ம் தருகிற 300 பிளானைவிட ஆயிரம் மடங்கு மேல். நான் யாருக்குச் சொன்னாலும் சின்ன பிளானில் தொடங்கச் சொல்வது இதனால்தான். நெரிசல் உள்ள நிறுவனத்தில் பெரிய பிளானுக்கு மாறினால் பகல் வேகம் கூடும். நீங்கள் பணம் கட்டியது இரவு வேகத்துக்கு.

"அன்லிமிடெட்னு சொல்லிட்டு எதுக்கு 3300 ஜிபி கணக்கு?"

பெரிய நிறுவனங்களின் பல "அன்லிமிடெட்" பிளான்களில் மாதம் 3300 ஜிபி தாண்டினால் வேகம் குறையும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். ஒரு சிலர் மட்டும் பந்தியை அடைத்துக்கொள்ளாமல் இருக்க வைத்த வேலி அது. 3300 ஜிபி என்பது மாதம் முழுக்க இரவும் பகலும் நிற்காமல் 10 எம்பிபிஎஸ் இழுப்பதற்குச் சமம். சாதாரணக் குடும்பம் அந்தப் பக்கம் போவதே கடினம்.

கவலைப்பட வேண்டியது 3300-ஐப் பற்றி இல்லை, தாண்டிய பிறகு என்ன வேகம் என்பதைப் பற்றி. வரம்பையும் அதற்குப் பிந்தைய வேகத்தையும் வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும், அந்த வேகம் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக்கூடாது என்று 2016 அக்டோபரில் டிராய் உத்தரவிட்டது. 512-இல் வாட்ஸ்அப் செய்தி போகும், வகுப்பு நடக்காது. தாண்டிய பிறகும் 4 அல்லது 5 எம்பிபிஎஸ் தருகிற பிளானைப் பாருங்கள். உள்ளூர்க்காரர்களிடம் வரம்பே இல்லை என்று சொன்னால் அதை எழுத்தில், குறைந்தது வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"அண்ணா, பெரிய கம்பெனியா, நம்ம கேபிள்காரரா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாதும்மா. பெரிய நிறுவனத்திடம் வெளிப்பாதை அகலம், மேலே சொன்ன பிரதி சர்வர்கள் எல்லாம் உண்டு. ஆனால் ஃபைபர் அறுந்தால் கால் சென்டர், டிக்கெட் எண், "48 மணி நேரத்தில்" என்ற பதில். கேபிள்காரர் எண் உங்கள் மொபைலிலேயே இருக்கும். சிவப்பு விளக்கு எரிகிறது என்றால் ஒரு மணி நேரத்தில் ஏணியோடு வருவார். ஆனால் வாங்கி வைத்திருக்கும் கொள்ளளவு குறைவாக இருக்கலாம், ஈபான் பெட்டியும் பழசாக இருக்கலாம். பிஎஸ்என்எல் ஃபைபர் பல ஊர்களில் உள்ளூர் கூட்டாளிகள் வழியாகத்தான் வருகிறது. அங்கே பேர் எதுவானாலும் சேவை அந்தக் கூட்டாளியின் கையில்.

வீட்டிலிருந்தே வேலை, அறுந்தால் சம்பளத்துக்கு அடி என்றால் சீக்கிரம் வந்து ஒட்டுகிறவரை எடுங்கள். வெளிநாட்டு சர்வரோடு கனமான வேலை என்றால் வெளிப்பாதை பெரிசாக உள்ளவரை எடுங்கள். இரண்டுக்கும் முன்னால், உங்கள் பிளாக்கிலேயே அதே இணைப்பு வைத்திருப்பவர் வீட்டில் இரவு 9.30-க்குப் போய்ச் சோதித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். அதைவிட நம்பகமான தகவல் வேறெங்கும் கிடைக்காது.

"ஃபைபர் இழுக்க ஓனர் விடமாட்டேங்கிறார். ஏர்ஃபைபர் எடுக்கலாமா?"

பேரில் ஃபைபர் இருந்தாலும் வீட்டுக்கு வருவது 5ஜி ரேடியோ அலை. ஜியோ இதை 2023 செப்டம்பரில் சென்னை உட்பட எட்டு நகரங்களில் தொடங்கியது. ஃபைபரில் பங்கு போடுவது உங்கள் தெருவின் 64 வீடு. இங்கே அந்த டவரின் வீச்சில் உள்ள எல்லாரும் பங்குதாரர்கள். சாலையில் போகிறவரின் மொபைல்கூட. திருவிழா, கிரிக்கெட் இரவு என்றால் வேகம் ஆடும். மாத வரம்பும் பொதுவாக ஃபைபரைவிடக் குறைவு, ஜியோவில் 1000 ஜிபி.

ஆனாலும் ஃபைபர் வராத இடத்தில் இது நல்ல வழிதான். மொட்டை மாடியில் பெட்டியை வைக்கும் திசையிலேயே பாதி வெற்றி இருக்கிறது, எனவே வைக்க வருகிறவரை அவசரப்படுத்தாமல் இரண்டு மூன்று இடத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

"கரண்ட் போனா நெட்டும் போயிடுது. பக்கத்து வீட்ல மட்டும் வருதே?"

ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். ஜிபானோ ஈபானோ, ஓஎல்டி அறையில் பேட்டரி இருந்து, உங்கள் ஓஎன்டிக்கும் மின்சாரம் கிடைத்தால் இணைப்பு ஓடும். பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை, ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் போதும். ஆனால் சில நிறுவனங்கள் கட்டடம் வரை ஃபைபர் கொண்டுவந்து, அங்கே ஒரு சுவிட்ச் வைத்து, அதிலிருந்து லேன் கேபிளால் வீடுகளுக்குக் கொடுக்கின்றன. அந்த சுவிட்சுக்கு மின்சாரம் போனால் உங்கள் யுபிஎஸ் உதவாது. அதைச் சங்கத்தின் ஜெனரேட்டர் லைனில் இணைக்கச் சொல்லுங்கள், நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

"சேஃப்டிக்கு ரெண்டு கனெக்‌ஷன் வச்சிருந்தேன். புயல்ல ரெண்டும் போச்சு."

இரண்டும் ஒரே கம்பத்தில் தொங்கியிருக்கும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் மரம் விழுந்த தெருக்களில் எல்லா நிறுவனத்தின் கேபிளும் சேர்ந்தே அறுந்தது. இரண்டாவது இணைப்பு வேறு பாதையில் வர வேண்டும்: ஒன்று கம்பம், ஒன்று நிலத்தடி; அல்லது ஒன்று ஃபைபர், ஒன்று 5ஜி. இரண்டு பேரும் மேலே ஒரே மொத்த வியாபாரியிடம் கொள்ளளவு வாங்குகிறார்களா என்றும் கேளுங்கள், உள்ளூர்க்காரர்களில் இது உண்டு.

"ஆறு மாசம் சேர்த்துக் கட்டினா ரவுட்டர் ஃப்ரீயாம். கட்டிடட்டுமா?"

முதல் மாதம் மட்டும் கட்டுங்கள், தயவு செய்து. ஒரு மாதம் இரவு 9.30 சோதனையைச் செய்து, மனசுக்குச் சரி என்று பட்டால் அப்புறம் ஆறு மாதம் கட்டலாம். முன்பணம் கட்டியவர் நெரிசலைப் பற்றிப் பேசினால் அவசரப்பட்டுக் கவனிக்க ஆள் இருக்காது. விலையைக் கேட்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா, இன்ஸ்டலேஷன் எவ்வளவு, நிறுத்தினால் ரவுட்டரைத் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"வீட்டு கேமராவை வெளியூர்ல இருந்து பார்க்க முடியலை. நெட் நல்லாத்தான் இருக்கு."

வேகத்தைப் போல முகவரியும் பங்கு போடப்படுகிறது. ஒரு பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்கு நிறுவனம் பகிர்ந்து கொடுத்தால், வெளியிலிருந்து உங்கள் கேமராவை நேராகத் தேடிவர வழி இல்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வேன் (WAN) முகவரி, அதாவது நிறுவனம் உங்கள் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி, 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் இதுதான் காரணம். கேமரா நிறுவனத்தின் கிளவுடு வழியாக ஓடும் கேமராவாக இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கென்றே ஒதுக்கும் மாறாத முகவரி) கேளுங்கள், தனிக் கட்டணம் வாங்குவார்கள்.

"எதிர் வீட்டோட சேர்ந்து ஒரே கனெக்‌ஷன், பாதிப் பாதி. மிச்சம்தானே?"

பங்கு போட்டதை இன்னொரு முறை பங்கு போடுகிறீர்கள். அவர்கள் மொபைல் போட்டோக்களை எல்லாம் கிளவுடுக்கு ஏற்றும் நேரத்தில் உங்கள் மீட்டிங்கில் குரல் உடையும், ஏனென்றால் மேலேறும் பாதை அடைபட்டால் கீழிறங்குவதும் தடுமாறும். அதைவிடப் பெரியது, அந்த இணைப்பில் யார் என்ன செய்தாலும் பதிவில் இருப்பது உங்கள் பெயர். ஒப்பந்தத்தில் வேறு வீட்டுக்குக் கொடுக்கக்கூடாது என்று பெரும்பாலும் இருக்கும். பிள்ளைகள் தேர்வு நேரத்தில் நாலு நாள் பாஸ்வேர்டு கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், நிரந்தர ஏற்பாடாக வேண்டாம்.

"எத்தனை தடவை சொன்னாலும் சரி பண்ணலை. டிராய்க்கு எழுதட்டுமா?"

டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை. முதலில் நிறுவனத்தின் புகார் மையம், அங்கே டாக்கெட் எண்ணை (புகார் பதிவு எண்ணை) கட்டாயம் வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம், இது இலவசம். அதற்கும் மேலே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஒவ்வொரு படியிலும் நீங்கள் எழுதி வைத்த மூன்று வேளைத் தாள்தான் பேசும்.

"அதெல்லாம் சரி, நீங்க எதை வச்சிருக்கீங்க? அதையே நானும் போட்டுக்கிறேன்."

உள்ளூர்க்காரரின் 60 எம்பிபிஎஸ் ஜிபான் இணைப்பு, அது போனால் மொபைல் 5ஜி. நேற்றிரவு 9.30-க்கு 52 வந்தது. ஆனால் நான் ஏ பிளாக். சி பிளாக் வேறு போர்ட்டில் இருக்கிறது, அங்கே மூன்றாவது மாடியில் இருப்பவர் போன வாரம் 19 என்று எழுதியிருந்தார். நீங்கள் சி பிளாக் என்றால் என் வீட்டுக்கு வராதீர்கள், அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.